வயிற்றுக்குள் ஒரு ஆடிட்டர்!

எங்கள் ஆபீஸ் கேஷியர் அண்ணனின் பெல்ட்டில் மொத்தம் எட்டு ஓட்டைகள். ஐந்து, கடையில் வாங்கும்போதே இருந்தவை. மூன்று, அண்ணன் ஆணி வைத்துத் தட்டியவை.

2022 ஜனவரியில் முதல் ஓட்டை. மார்ச்சில் இரண்டாவது. ஜூனில் மூன்றாவது. நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? கை தட்டினோம்!

“என்னண்ணே, ஜிம்முக்குப் போறீங்களா? இல்லே, அண்ணி சமைக்கறதை நிறுத்திட்டாங்களா?”

லாக்டவுனில் வளர்த்த தொப்பை தானாகக் கரைகிறதே என்று அண்ணனுக்கும் உள்ளூர சந்தோஷம்தான். சாப்பிட்ட அரை மணியில் தொப்புளைச் சுற்றி முறுக்கிப் பிழிகிற வலி, இரண்டாவது இட்லியிலேயே வயிறு ‘போதும்’ என்பது, ராத்திரியில் பனியனே நனைகிற மாதிரி வேர்வை... இதையெல்லாம் அவர் எங்களிடம் சொல்லவில்லை. சொன்னது ஒரே ஒரு வார்த்தை.

“கேஸ், தம்பி.”

நம் ஊரில் நெஞ்சுக்கும் இடுப்புக்கும் நடுவில் என்ன வந்தாலும் அதற்கு ஒரே பெயர் கேஸ்தானே! நான் சீரகத் தண்ணீர் சிபாரிசு செய்தேன். டெஸ்பாட்ச் கிளார்க் மோரில் பெருங்காயம் என்றார். மேனேஜர் பன்னீர் சோடா. பி.காம். படித்தவனுக்கு வைத்தியம் சொல்ல என்ன யோக்கியதை என்று கேட்காதீர்கள். இந்த நாட்டில் அதற்கு மட்டும் சர்ட்டிபிகேட் தேவையில்லை.

ஜூலையில் ஒரு நாள், பணம் எண்ணிக்கொண்டிருந்தவர் தலை சுற்றி அப்படியே மேஜையில் சாய்ந்தார். ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் எட்டு. டாக்டர் எண்டோஸ்கோபி எழுதினார். அண்ணன் மூன்று நாள் தூங்கவில்லை. அப்புறம் போய்ப் படுத்தார். தொண்டையில் மரத்துப் போக ஒரு ஸ்ப்ரே, வாயில் ஒரு வளையம், சில நிமிஷம் குமட்டல். அவ்வளவுதான். ரிப்போர்ட் நார்மல். அடுத்த வாரம் கீழ் வழியாகவும் ஒரு டியூப் விட்டுப் பெருங்குடலைப் பார்த்தார்கள். அதுவும் நார்மல்.

அன்று சாயங்காலம் ஆபீஸ் முழுக்க அண்ணன் செலவில் ரவா தோசை. தோசையைப் பிய்த்தபடி உரக்கச் சொன்னவன் நான்தான்.

“பார்த்தீங்களா, நான் அப்பவே சொல்லலை? வெறும் கேஸ்!”

அந்த வார்த்தையை இன்றைக்கு என்ன விலை கொடுத்தும் திரும்ப வாங்க முடியாது. இந்தக் கட்டுரையே அதற்கான பிராயச்சித்தம்.

ஆடிட்டர் போகாத கிளை

ஒரு கம்பெனிக்கு ஹெட் ஆபீஸ் மதுரையில், கிடங்கு சென்னையில். நடுவில் வழி நெடுகக் கிளைகள். ஆடிட்டர் வருகிறார். ஹெட் ஆபீஸைப் பார்க்கிறார், சுத்தம். கிடங்கைப் பார்க்கிறார், சுத்தம். கையெழுத்துப் போட்டுவிட்டுப் போகிறார். நடுவில் உள்ள கிளைகளை யார் பார்த்தது?

நம் வயிறும் அதேதான். வாய் வழியாகப் போகும் சாதாரண எண்டோஸ்கோப் உணவுக்குழாய், இரைப்பை, அதைத் தாண்டி முன்சிறுகுடலின் தொடக்கம் வரைதான் போகும். கீழ் வழியாகப் போகும் கொலனோஸ்கோப் சுமார் ஐந்து அடிப் பெருங்குடலைக் கடந்து, சிறுகுடலின் வாசலில் எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்பும். இரண்டுக்கும் நடுவில் சுமார் இருபது அடிச் சிறுகுடல் சுருண்டு கிடக்கிறது. ‘இரண்டு டியூப்பும் நார்மல்’ என்றால் அந்த இருபது அடியும் நார்மல் என்று அர்த்தமில்லை.

அண்ணனுக்கு விவகாரம் அந்த இருபது அடிக்குள்தான் இருந்தது.

வாட்ச்மேனே ரவுடியானால்...

காலில் முள் குத்திச் சீழ் பிடித்தால் தொடை இடுக்கில் நெறி கட்டும், பார்த்திருப்பீர்கள். லிம்ஃபோசைட் என்கிற வெள்ளை அணுக்கள் அங்கே கூட்டம் போடுவதுதான் அது. அவை உடம்பின் வாட்ச்மேன்கள். குடலின் சுவரிலும் இந்த வாட்ச்மேன்கள் ஏராளம். இருக்காதா பின்னே? வெளியிலிருந்து தினமும் மூன்று வேளை ஆள் நுழைகிற கேட் அது. கையேந்தி பவன் சட்னி முதல் கல்யாண வீட்டுப் பாயசம் வரை எல்லாரையும் சோதனை போட வேண்டும்.

அந்த வாட்ச்மேன்களில் ஒருவனே ரவுடியாகி, தன்னைப் போலவே ஆயிரம் பேரைப் பெருக்கிக்கொண்டால் அதற்குப் பெயர் லிம்ஃபோமா. வாட்ச்மேன் வகையிலேயே ஒரு புற்றுநோய். பெரும்பாலும் கழுத்து, அக்குள், இடுக்கில் நெறிக்கட்டியாகத்தான் ஆரம்பிக்கும். நெறிகளுக்கு வெளியே கிளம்புகிறபோது அது அதிகமாகத் தேர்ந்தெடுக்கும் இடம் உணவுப்பாதை. அதில் பொதுவாக இரைப்பைக்கு முதலிடம். சிறுகுடலில் வருவது அபூர்வம்.

அபூர்வம் என்பதால்தான் சங்கடம். டாக்டர்களுக்கே அது முதல் சந்தேகமாக வராது.

கத்தி விழுங்கியும் கபானியும்

உள்ளே எட்டிப் பார்க்க மனிதன் பட்ட பாடு ஒரு தனி சினிமா.

1868-ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் அடால்ஃப் குஸ்மால் என்ற டாக்டர், நேரான ஒரு குழாயை இரைப்பை வரை விட்டுப் பார்க்க ஆசைப்பட்டார். யார் சம்மதிப்பார்கள்? ஒரு ஆளைக் கண்டுபிடித்தார்: வித்தை காட்டிக் கத்தி விழுங்குகிறவர்! குழாய் போய்விட்டது. உள்ளே பார்க்க வெளிச்சம்தான் போதவில்லை.

வெளிச்சத்தை வளைத்துக் கொண்டுபோகும் வித்தைக்கு நம் ஆள் ஒருவர் கை கொடுத்தார். பஞ்சாபின் மோகாவில் பிறந்த நரீந்தர் சிங் கபானி. லண்டன் இம்பீரியல் காலேஜில் ஹெரால்ட் ஹாப்கின்ஸோடு சேர்ந்து, மெல்லிய கண்ணாடி இழைக் கட்டின் வழியாகப் படத்தைக் கடத்திக் காட்டினார். 1954-ல் ‘நேச்சர்’ இதழில் அது வெளியானது. அதைப் படித்த பேசில் ஹிர்ஷோவிட்ஸ், அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் இரண்டு சகாக்களோடு வளையும் எண்டோஸ்கோப்பைச் செய்தார். 1957-ல் அதை முதலில் யார் தொண்டையில் விட்டார் தெரியுமா? தன் தொண்டையிலேயே! (கபானி 2020-ல் காலமானார். மறு வருஷம் பத்ம விபூஷண் வந்தது. நாம் எப்போதும் கொஞ்சம் லேட்.)

அதற்கப்புறமும் அந்த இருபது அடி இருட்டாகவே கிடந்தது. இஸ்ரேலில் கேவ்ரியல் இத்தான் என்கிற இஞ்சினியர், ஏவுகணைக்குக் ‘கண்’ செய்கிற வேலையில் இருந்தவர், மாத்திரைக்குள் காமிராவை வைத்தால் என்ன என்று யோசித்தார். பதினொரு மில்லிமீட்டர் அகலம், இருபத்தாறு மில்லிமீட்டர் நீளம். விழுங்கினால் போதும். நொடிக்கு இரண்டு படம் வீதம் எட்டு மணி நேரத்தில் ஐம்பதாயிரத்துச் சொச்சம் படங்கள் இடுப்பில் கட்டிய பெட்டிக்கு வந்து சேரும். 2001-ல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது.

அதே 2001-ல் ஜப்பானில் ஹிரோனோரி யமமோட்டோ என்ற டாக்டர் இன்னொரு வழியை அறிவித்தார்: இரட்டை பலூன் எண்டோஸ்கோபி. பைஜாமாவுக்கு நாடா கோத்திருக்கிறீர்களா? ஊக்கில் நாடாவை மாட்டி, கொஞ்சம் தள்ளி, துணியைச் சுருக்கிப் பின்னால் இழுத்து, மறுபடி தள்ளி... அதே டெக்னிக். ஸ்கோப் முனையில் ஒரு பலூன், அதன் மேல் உறைக்குழாய் முனையில் ஒரு பலூன். ஒன்றை ஊதிப் பிடித்துக்கொண்டு, மற்றதைத் தளர்த்தித் தள்ளி, குடலைச் சுருக்கிச் சுருக்கி ஸ்கோப்பின் மேல் ஏற்றிக்கொண்டே உள்ளே போகிறார்கள்.

இரண்டுக்கும் ஒரு பெரிய வித்தியாசம். மாத்திரைக் காமிரா வேடிக்கை பார்க்கும்; எதையும் தொடாது. பலூன் ஸ்கோப்பின் வயிற்றுக்குள் ஒரு சின்ன இடுக்கியை அனுப்பி, சதையைக் கிள்ளிக்கொண்டு வரலாம். இந்தக் கிள்ளுதான் கதையின் ஹீரோ.

ஒரே வில்லன், ஆறு வேஷம்

குடல் லிம்ஃபோமா ஸ்கோப்பில் எப்படித் தெரியும்? இதற்கு ஒரே பதில் இருந்தால் நான் இவ்வளவு எழுத வேண்டியதில்லை.

ஒரு வகை முன்சிறுகுடலில் ரவையைத் தூவிய மாதிரி வெள்ளைப் புள்ளிகளாகத் தெரியும். வேறு எதற்கோ ஸ்கோப் போடப் போய்த் தற்செயலாக அகப்படும். ஃபாலிக்யுலர் வகை. பரம சாது. பலருக்கு மருந்தே கொடுக்காமல் கண்காணிப்பில் மட்டும் வைத்திருப்பார்கள்.

இன்னொன்று குடல் நெடுகச் சின்னச் சின்ன முண்டுகளாக, மணி கோத்த மாதிரி இருக்கும். மேன்ட்டில் செல் வகை.

மூன்றாவது பெரிய கட்டியாக, அல்லது ஓரம் தடித்த ஆழமான புண்ணாக உட்கார்ந்திருக்கும். பெரிய பி-செல் வகை. வேகமாக வளரும், ஆனால் மருந்துக்கும் நன்றாகக் கட்டுப்படும்.

நான்காவது டி-செல் வகை. அதில் நம் ஆசியாவில் அதிகம் தென்படும் ஒன்று குடல் சுவரில் ஓட்டையே போட்டுவிடும். பொல்லாதது.

ஐந்தாவது, இளைஞர்கள் கவனிக்க வேண்டியது. மத்திய தரைக்கடல் நாடுகளிலும் மேற்கு ஆசியாவிலும் அதிகம் பார்க்கப்பட்டு, இந்தியாவிலும் பதிவான ஒரு வகை. இருபது, முப்பது வயதுக்காரர்களுக்கே பெரும்பாலும் வரும். தீராத வயிற்றுப்போக்கு, இளைப்பு. சிறுகுடலின் மேல்பகுதி மடிப்புகள் தடித்துத் தெரியும். கேம்பைலோபேக்டர் என்ற கிருமிக்கு இதில் சம்பந்தம் இருப்பதை 2004-ல் காட்டினார்கள். ஆரம்பத்திலேயே பிடித்தால் டெட்ராசைக்ளின் மாதிரி சாதாரண ஆன்டிபயாட்டிக்கிலேயே அடங்கிவிடலாம்!

ஆறாவதான மால்ட் வகை முக்கியமாக இரைப்பையில் வருவது. ஹெலிகோபேக்டர் கிருமியைக் கொன்றாலே இந்தப் புற்றும் பின்வாங்குகிறது என்று 1993-ல் லண்டனிலிருந்து செய்தி வந்தபோது நிறையப் பேர் நம்பவில்லை. சிகிச்சை பெற்ற ஆறு பேரில் ஐந்து பேருக்குப் புற்று மறைந்திருந்தது.

கவனித்தீர்களா? எல்லாவற்றுக்கும் ஒரே குடும்பப் பெயர். ஆனால் ஒன்றுக்கு ஆன்டிபயாட்டிக், ஒன்றுக்குச் சும்மா இருப்பது, ஒன்றுக்கு நாளைக்கே கீமோ. ‘கான்சர்’ என்று மட்டும் தெரிந்து பிரயோஜனமில்லை. எந்தக் கான்சர் என்று தெரிய வேண்டும்.

டி.பி. போட்ட முகமூடி

அண்ணன் கதைக்கு வருவோம். ரவா தோசை முடிந்து மூன்று வாரம். வலி நிற்கவில்லை. ஸி.டி. ஸ்கேனில் சிறுகுடலின் ஒரு பகுதியில் சுவர் தடித்து, வழி குறுகியிருந்தது. பக்கத்தில் நெறிகள்.

“குடல் டி.பி. மாதிரி தெரியுது. மாத்திரை ஆரம்பிச்சுப் பார்க்கலாம்” என்றார் டாக்டர்.

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். நம் நாட்டில் இப்படி ஒரு ஸ்கேனைப் பார்த்தால் டி.பி. ஞாபகம் வருவதுதான் நியாயம். காய்ச்சல், வேர்வை, இளைப்பு, வயிற்று வலி, குடலில் புண், குறுகிய வழி... டி.பி.க்கும் இதேதான், க்ரோன்ஸ் என்கிற அழற்சி நோய்க்கும் இதேதான், லிம்ஃபோமாவுக்கும் இதேதான். ஸ்கோப் வைத்துப் பார்த்தாலும் பல சமயம் மூன்றும் அண்ணன் தம்பி மாதிரியே இருக்கும்.

டி.பி. என்றால் ஆறு மாத மாத்திரை. க்ரோன்ஸ் என்று நினைத்தால் ஸ்டீராய்டு. இங்கேதான் ஒரு பள்ளம். லிம்ஃபோமா இருக்கிறவருக்கு ஸ்டீராய்டு கொடுத்தால் கட்டி தற்காலிகமாகச் சுருங்கும், பசி எடுக்கும், ஆள் ‘ஆஹா’ என்பார். பிறகு சதையை எடுத்துப் பார்த்தால் மைக்ராஸ்கோப்பில் சரியாகத் தெரியாது. குற்றவாளி தலைமறைவு! அதனால்தான் சந்தேகம் இருந்தால் முதலில் சதை, அப்புறம் ஸ்டீராய்டு என்கிறார்கள்.

அண்ணன் இரண்டு மாதம் டி.பி. மாத்திரையை ஒரு வேளை தவறாமல் விழுங்கினார். கேஷியராயிற்றே, கணக்கு பிசகாது. எடை மட்டும் பிசகிக்கொண்டே போனது. இன்னும் நாலு கிலோ.

நாலாவது ஓட்டை போட அவர் ஆணியைத் தேடிய அன்று, அண்ணி அதைப் பிடுங்கி ஜன்னல் வழியாக வீசினார்.

“பெல்ட்டுல ஓட்டை போட்டது போதும். இன்னொரு டாக்டரைப் பார்க்கலாம், வாங்க.”

வவுச்சர் எங்கே?

இரண்டாவது டாக்டர் ஃபைலைப் புரட்டிவிட்டுக் கேட்ட முதல் கேள்வி: “பயாப்ஸி ரிப்போர்ட் எங்கே?”

மேலே, கீழே இரண்டு ஸ்கோப்பிலும் கிள்ளுவதற்கு ஒன்றுமில்லை. நோய் இருந்த இடத்துக்கு யாரும் போகவேயில்லை. எனவே பயாப்ஸியும் இல்லை.

அக்கவுன்ட்ஸ்காரர்களுக்கு உடனே புரியும். ஸ்கேனும் ஸ்கோப்பும் லெட்ஜர் என்ட்ரி மாதிரி. பார்வைக்கு லட்சணமாக இருக்கலாம். பயாப்ஸிதான் வவுச்சர். வவுச்சர் இல்லாத என்ட்ரியைப் பாஸ் பண்ண அண்ணனே சம்மதிக்க மாட்டார். தன் வயிற்றுக்கு மட்டும் சம்மதித்துவிட்டார்.

மாத்திரைக் காமிரா வேண்டாம் என்றார் டாக்டர். குடல் குறுகிய இடத்தில் அது சிக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. அக்டோபர் கடைசியில் பலூன் எண்டோஸ்கோபி. மயக்கம் கொடுத்து, வாய் வழியாக, ஒரு மணி நேரத்துக்கு மேல். வெளியே பெஞ்சில் நானும் அண்ணியும். நான் ஆறு தடவை காபி குடித்தேன். அண்ணி பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

உள்ளே ஓரம் தடித்த ஒரு புண். புண்ணின் விளிம்பிலும் நடுவிலுமாக எட்டுத் துண்டுகள் கிள்ளினார்கள். ஒவ்வொன்றும் அரிசிக் குருணை அளவு. ஏன் எட்டு? இந்த நோய் சுவருக்குள் ஆழமாக ஒளியும். ஒன்றிரண்டு துண்டு மேலாக எடுத்தால் வெறும் புண் என்று ரிப்போர்ட் வந்துவிடலாம். சிலருக்கு இரண்டாம் முறை, மூன்றாம் முறைகூட எடுக்க வேண்டியிருக்கும். எட்டவே எட்டாத இடம் என்றால் ஆபரேஷன் செய்து எடுக்கிறார்கள்.

அந்தக் குருணைகள் ஃபார்மலின் பாட்டிலில் லேபுக்குப் போயின. அங்கே மெழுகில் பதித்து, தாளைவிட மெல்லியதாகச் சீவி, சாயம் ஏற்றுகிறார்கள். அதோடு முடியவில்லை. ஒவ்வொரு வாட்ச்மேனின் சட்டையிலும் ஒரு பேட்ஜ் உண்டு. பி-செல் என்றால் சி.டி.20. டி-செல் என்றால் சி.டி.3. அந்தந்த பேட்ஜில் மட்டும் ஒட்டுகிற சாயத்தை விட்டால் செல்கள் பழுப்பாக மாறி அடையாளம் காட்டும்.

ஒன்பது நாள் கழித்து ரிப்போர்ட். பெரிய பி-செல் லிம்ஃபோமா. சி.டி.20 பாசிட்டிவ்.

அண்ணி அழுதார். டாக்டர் கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: “அழாதீங்கம்மா. இன்னிக்குத்தான் எதிரியோட பேரும் அட்ரஸும் கிடைச்சிருக்கு.”

அட்ரஸ் என்றது அந்த பேட்ஜைத்தான். ரிட்டுக்ஸிமாப் என்ற மருந்து சி.டி.20 பேட்ஜைத் தேடிப் போய் ஒட்டும். 1997-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. அதையும் நாலு கீமோ மருந்துகளையும் சேர்த்து மூன்று வாரத்துக்கு ஒரு முறை, மொத்தம் ஆறு முறை. அரிசிக் குருணை இல்லாமல் இந்த ஊசியை யாரும் போட்டிருக்க முடியாது.

2023 மார்ச்சில் ஆறாவது ஊசி முடிந்தது. அதற்கப்புறம் எடுத்த ஸ்கேன் சுத்தம். முடி கொட்டிப் போன தலையோடு அண்ணன் கேஷ் கவுன்டருக்கு வந்து உட்கார்ந்தபோது மறுபடி கை தட்டினோம். இந்தத் தடவை விஷயம் தெரிந்து தட்டினோம்.

கேட்டால் தப்பில்லை

இதைப் படித்துவிட்டு இன்று ராத்திரி ஏப்பம் வந்ததும் அலறாதீர்கள். உங்கள் கேஸ் அநேகமாகக் கேஸ்தான். நான் சொன்னது அபூர்வ நோய்.

ஆனால் காரணமில்லாமல் எடை குறைந்தால், தூக்கத்திலிருந்து எழுப்புகிற வலி இருந்தால், மலம் கறுப்பாகப் போனால், ஆண்பிள்ளைக்கு ரத்த சோகை என்றால், வாரக்கணக்கில் வயிற்றுப்போக்கோ ராத்திரி வேர்வையோ நீடித்தால், சக ஊழியர்களின் சீரகத் தண்ணீரை நம்ப வேண்டாம். குறிப்பாக என்னுடையதை.

டாக்டரிடம் நாலு கேள்வி கேளுங்கள். எதுவரைக்கும் பார்த்தீங்க சார்? சதை எடுத்தீங்களா? இந்த மருந்து வேலை செய்யலைன்னா எத்தனை வாரத்துல வந்து சொல்லணும்? ஸ்டீராய்டு எழுதறதா இருந்தா அதுக்கு முன்னாடி பயாப்ஸி வேணுமா? நல்ல டாக்டர் கோபித்துக்கொள்ள மாட்டார்.

போன மாதம் அண்ணன் என் மேஜைக்கு வந்தார். சட்டையைக் கொஞ்சம் தூக்கிப் பெல்ட்டைக் காட்டினார். ஆணி அடித்த மூன்று ஓட்டைகளும் சும்மா கிடந்தன. கம்பெனி போட்ட ஓட்டையிலேயே, அதுவும் மூன்றாவதில் கொக்கி மாட்டியிருந்தது.

“தொப்பை வந்துடுச்சுண்ணே” என்றேன்.

“வரட்டும் தம்பி” என்றார் அண்ணன். “இன்னும் ரெண்டு ஓட்டை பாக்கி இருக்கு.”